பிளைவுட்டில் அடித்த ஆணி எதனால் தாங்குகிறது, எதனால் கழன்று வருகிறது?

தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில், 2 அங்குல மரச்சட்டத்தின் மேல் 12 மி.மீ. பிளைவுட் அடித்து ஓர் அறை எழுப்பப் போவதாகச் சொல்கிறீர்கள். வேலைக்கு வந்த தச்சர் “ஒன்றரை இஞ்ச் ஆணி, அடிக்கு ஒண்ணு போதும்” என்கிறார். முன்பு இதே மாதிரி போட்ட தடுப்பில் ஒரு மழைக்காலம் கழிந்ததும் ஆணித்தலைகள் வெளியே எட்டிப் பார்த்தன. ஒரு மூலை கழன்றே வந்துவிட்டது. ஆணி சிறியதா, பலகை மட்டமா, வேறு ஏதாவதா என்பது உங்கள் கேள்வி.

அடிக்கு ஒன்று கட்டாயம் போதாது. ஒன்றரை அங்குலமும் வேண்டாம். ஆனால் ஆணியை மட்டும் மாற்றினால் அதே மூலை மறுபடி கழலலாம். ஏன் என்று புரிய, முதலில் அந்தக் கழன்ற மூலைக்குப் போய் ஆணிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். எது தோற்றது என்பதை ஆணியின் வடிவமே காட்டிவிடும்.

ஆணி நேராக இருக்கிறது, பிளைவுட்டில் துளை நீள்வட்டமாகக் கிழிந்திருக்கிறது என்றால் நசுங்கியது பலகை. ஆணி சட்டத்திலேயே நிற்கிறது, பிளைவுட் மட்டும் தலையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது என்றால் தலை சிறியது, அல்லது சுத்தியலால் அளவுக்கு மீறி உள்ளே அடித்திருக்கிறார்கள். ஆணி நேராக, துளையும் சுத்தமாக, பிடியே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் சட்டத்துக்குள் இறங்கிய நீளம் போதவில்லை, அல்லது ஈரமான மரத்தில் அடித்திருக்கிறார்கள். பலகையும் சட்டமும் சேரும் இடத்தில் ஆணி ஒரு முறையோ, இரட்டை வளைவாகவோ வளைந்திருந்தால் மட்டும் அது தன்னால் முடிந்த வேலையைச் செய்துவிட்டுத் தோற்றிருக்கிறது.

வளைவை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பலகை பக்கவாட்டில் நகரப் பார்க்கும்போது ஆணியை வெட்டப் பார்க்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டு வேலையில் ஆணி வெட்டுப்படுவதே இல்லை. அது வளையும்; அதன் இருபுறமும் உள்ள மரம் நசுங்கும். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடும் முறையை டென்மார்க்கின் ஜோஹான்சன் 1949-ல் வகுத்தார். இன்றைய ஐரோப்பிய மரக்கட்டுமான விதியான யூரோகோடு 5 அதன் மேல்தான் நிற்கிறது. நம் நாட்டில் ஆணி இணைப்புக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2366, மரக்கட்டுமானத்துக்கு ஐ.எஸ். 883 என்று தனி விதிகள் உண்டு. கீழே வரும் எண்களை யூரோகோடு வாய்ப்பாட்டில் போட்டிருக்கிறேன். அதில் ஆணியின் தடிமன், பலகையின் அடர்த்தி, கனம் ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்றிப் பார்க்க முடியும்.

எடுத்துக்கொண்ட பலகை 12 மி.மீ., கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தி. சட்டமும் அதே அடர்த்தியுள்ள மரம், முன்துளை (ஆணி அடிக்குமுன் டிரில்லால் போடும் சிறு துளை) போட்டது. ஆணி சதுர மி.மீ.க்கு 600 நியூட்டன் இழுவிசை தாங்கும் கம்பி. (பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடை.) 14 கேஜ் ஆணி, அதாவது 2.03 மி.மீ. தடிமன், பக்கவாட்டில் சுமார் 540 நியூட்டனில் தோற்கும். 12 கேஜ், 2.64 மி.மீ., 725 நியூட்டன். 10 கேஜ், 3.25 மி.மீ., 940. 8 கேஜ், 4.06 மி.மீ., 1270. இவை உடையும் நிலை எண்கள். கட்டும்போது இவ்வளவு பாரம் ஏற்றக் கூடாது. எப்போதும் நிற்கும் பாரத்துக்கு, பாதுகாப்பு விகிதமும் காலத் தளர்ச்சியும் கழித்தால், அந்த 10 கேஜ் ஆணிக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 40 கிலோ. வெயில் மழை படும் இடமானால் அதிலும் குறையும்.

காலத் தளர்ச்சியைக் கவனியுங்கள். மரம் ஒரு நிமிடம் தாங்கும் பாரத்தைப் பத்து ஆண்டு தாங்காது. காற்று அடித்து ஓய்ந்துவிடும் பாரத்துக்கு அதே ஆணியிடம் 65 கிலோ வரை எதிர்பார்க்கலாம். அலமாரி, தண்ணீர் டிரம் மாதிரி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பாரத்துக்கு எதிர்பார்க்கக் கூடாது. “அன்னைக்கு ஏறி நின்னு பார்த்தோம், தாங்குச்சே” என்பது சோதனை ஆகாது.

அடுத்து பலகையின் கனம். இதில் பலரும் வீணாகப் பணம் போடுகிறார்கள். அதே 10 கேஜ் ஆணிக்கு 6 மி.மீ. பலகையில் சுமார் 810 நியூட்டன், 9 மி.மீ.யில் 855, 12-ல் 940, 19-ல் 1210. 20 மி.மீ.யை ஒட்டி எண் 1250-ல் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு 25 மி.மீ. போட்டாலும் ஆணி இரட்டையாக வளைந்து தோற்குமே தவிர கூடுதல் பிடி கிடைக்காது. 12-ஐ 19 ஆக்கும் செலவில், 12 மி.மீ. பலகையையே வைத்துக்கொண்டு ஆணிகளை நெருக்கி அடித்தால் இணைப்பு அதைவிட உறுதியாகும். கனமான பலகை வளையாமல் நிற்பதற்கு உதவும். அது வேறு கணக்கு.

பலகையின் வகை கனத்தை விட முக்கியம். இணைப்பின் வலு அடர்த்தியோடு ஏறி இறங்கும். 450 கிலோ அடர்த்தியுள்ள பாப்லர் பிளைவுட்டில் பக்கவாட்டு வலு நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறையும். ஆணியை உருவத் தேவையான பாரமும், தலை பலகையை ஊடுருவத் தேவையான பாரமும் அடர்த்தியின் வர்க்கத்தோடு போவதால், தலை ஊடுருவுவதற்கு எதிரான வலு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். கடையில் ஷீட்டைத் தூக்கிப் பார்ப்பது இதனால்தான் அர்த்தமுள்ள பழக்கம். 8க்கு 4 அடி, 12 மி.மீ. ஷீட் 600 கிலோ அடர்த்தியானால் சுமார் 21 கிலோ இருக்கும். பாப்லரானால் 16 கிலோதான்.

அதோடு பசை. எம்.ஆர். (ஈரம் ஓரளவு தாங்கும்) கிரேடு என்று விற்கும் ஐ.எஸ். 303 பலகையில் யூரியா பசை. அது அறைக்குள் வைக்கும் அலமாரிக்கு. காசிமேட்டுக் காற்றும் ஐப்பசி மழையும் படும் மொட்டை மாடிக்கு அது வேண்டாம். பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) கிரேடு குறைந்தபட்சம், ஓரங்கள் நனையுமானால் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். 710-க்கான சோதனையில் பலகையை 72 மணி நேரம் கொதிக்க வைத்துப் பார்க்கிறார்கள். கட்டுமானத்துக்கென்றே ஐ.எஸ். 10701 இருக்கிறது, ஆனால் சில்லறைக் கடையில் அது அடிக்கடி கிடைப்பதில்லை.

பிளைவுட்டின் பெரிய பலமே அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பது. தனி மரத்தில் நார் ஓட்டத்தோடு அடித்த ஆணி பிளவை உண்டாக்கும். பிளைவுட்டில் அடுத்த அடுக்கு அந்தப் பிளவைத் தடுத்துவிடும். ஓரத்துக்கு 10 மி.மீ. அருகே கூட ஆணி அடிக்க முடிவது இதனால்தான். ஆனால் பசை விட்டுப்போய் அடுக்குகள் பிரிந்தால் இந்தப் பலம் முழுதும் போய்விடும். அதேபோல் நடு அடுக்கில் வெனீர்கள் (மெல்லிய மரத் தகடுகள்) சேராமல் இடைவெளி இருந்தால், அந்த இடத்தில் விழும் ஆணிக்கு நசுக்கிப் பிடிக்கப் பாதி மரம்தான் இருக்கும். ஷீட்டை வாங்குமுன் நான்கு ஓரத்தையும் விளக்கடியில் வைத்துப் பாருங்கள். வெட்டின பிறகு வெட்டுமுகத்தில் நகம் நுழையும் பொந்து தெரிந்தால் அந்த ஓரத்தைச் சட்டத்தின் மேல் வராதபடி திருப்பிப் போடுங்கள்.

இனி சட்ட மரம். துறைமுகத்துப் பெட்டிகளிலிருந்து வரும் பேக்கிங் பைன் வட சென்னையில் மலிவாகக் கிடைக்கிறது. பழைய வீடு இடித்த தேக்கு, மருது, வேங்கைச் சட்டங்களும் கிடைக்கும். பைனில் ஆணி சுலபமாக இறங்கும், அதே சுலபத்தோடு உருவியும் வரும். பழைய வேங்கையில் ஒரு ஆணி அடித்துப் பாருங்கள், பாதியில் வளையும். அதிகப்படியான அடியில் நார் பிளந்துவிட்டால், வெளியே தெரியாத அந்தக் கீறல் ஆணியின் பிடியைக் கெடுத்துவிடும். கன மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேற்பட்ட மரத்தில் முன்துளை கட்டாயம் என்று யூரோகோடு சொல்கிறது. நம்முடைய நாட்டு மரங்களில் பெரும்பாலானவை இந்த வரிசையில் வரும். துளையின் அளவு ஆணித் தடிமனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3.25 மி.மீ. ஆணிக்கு 2.5 மி.மீ. டிரில் பிட் சரி. 3 மி.மீ. பிட் போட்டால் ஆணி உள்ளே நழுவும்.

சோப்பும் எண்ணெயும் தடவி அடிக்கும் வழக்கம் ஆணி வளையாமல் இருக்க உதவுகிறது, உருவாமல் இருக்க உதவாது. துளை போடுவதே நல்லது. ஆணி முனையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி மொழுக்கையாக்கி அடிப்பது பழைய தந்திரம். அதில் நியாயம் இருக்கிறது. கூர்முனை நாரை ஆப்பு போல விலக்குகிறது, மழுங்கிய முனை நாரை வெட்டிக்கொண்டு போகிறது. பிளவு குறையும், உருவும் பிடி கொஞ்சம் குறையும். சட்டத்தின் நுனியருகே இந்தப் பேரம் லாபம்.

அடுத்து ஆணி சட்டத்துக்குள் இறங்கும் நீளம். பிளைவுட்டைக் கழித்துவிட்டு, சட்டத்துக்குள் மட்டும் எவ்வளவு என்று பாருங்கள். வழவழப்பான ஆணிக்கு அது தடிமனைப் போல 8 மடங்காவது வேண்டும். வளையம் வெட்டிய ரிங் ஆணிக்கு 6 மடங்கு. ஒன்றரை அங்குல, 10 கேஜ் ஆணி 38 மி.மீ.; 12 மி.மீ. பலகையைக் கழித்தால் 26 மி.மீ. அது சரியாக 8 மடங்கு, எல்லையின் விளிம்பில். ஆணி 2 மி.மீ. சாய்ந்தாலோ, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தாலோ எல்லைக்குக் கீழே போய்விடும். 19 மி.மீ. பலகையில் அதே ஆணிக்கு 19 மி.மீ.தான் சட்டத்துக்குள் மிஞ்சும். உங்களுக்கு இரண்டரை அங்குலம், 10 கேஜ் எடுங்கள். 63-ல் 12 போனால் 51 மி.மீ. உள்ளே இருக்கும், அது கிட்டத்தட்ட 16 மடங்கு. பைன் சட்டமானால் இது இன்னும் அவசியம். ஆனால் சட்டத்தின் ஆழம் 2 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் முனை மறுபுறம் எட்டிப் பார்க்கும். அப்போது 2 அங்குலம் போதும். அல்லது மறுபுறம் வந்த முனையை நார் ஓட்டத்துக்குக் குறுக்காக மடித்து அடியுங்கள். நாருக்கு இணையாக மடிப்பதை விட அது நன்றாகப் பிடிக்கும்.

சட்டத்தின் நுனிமுகத்தில், அதாவது ரேகை வெட்டப்பட்ட பக்கத்தில் அடிக்கும் ஆணியை நம்பவே வேண்டாம். நார்களுக்கு இணையாக ஆணி போவதால் பற்றுவதற்கு எதுவும் இல்லை. நிலைக்கால் கீழ்ச்சட்டத்தின் மேல் நிற்கும் இடத்தில் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. அங்கே ஆணியை 30 டிகிரி சாய்த்து, ஆணி நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தொடங்கி இருபுறமும் அடியுங்கள்; அல்லது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எல் பிராக்கெட் போடுங்கள். நான் பிராக்கெட்டைத்தான் சொல்வேன்.

சட்டத்தின் அகலம் பேசப்படாத விஷயம், ஆனால் மூலைகள் கழல்வதற்கு இது அடிக்கடி காரணம். இரண்டு ஷீட்டுகள் ஒரே சட்டத்தின் மேல் சேரும்போது நடுவே 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். மழையில் பலகை ஊதினால் அதற்கு இடம். 2 அங்குலச் சட்டத்தில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் 23 மி.மீ. கிடைக்கும். ஷீட் ஓரத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி அடித்தால் சட்ட ஓரத்துக்கு 13 மி.மீ. மிஞ்சும், முன்துளையோடு அது போதும். ஒன்றரை அங்குல ரீப்பரில் அதே வேலை செய்தால் 7 மி.மீ.தான் மிஞ்சும், ஆணி இறங்கும்போதே ஓரம் கீறிவிடும். மெல்லிய ரீப்பரைத் தவிர்க்க முடியாவிட்டால் சேரும் இடத்தில் மட்டும் இரண்டை ஒட்டிப் போடுங்கள். ஆணிகளை ஒரே கோட்டில் வரிசையாக அடிக்காமல், ஒன்றுவிட்டு ஒன்று 5 மி.மீ. விலக்கி அடிப்பதும் பிளவைத் தடுக்கும்.

ஈரத்துக்கு வருகிறேன். ஆணித்தலை எட்டிப் பார்த்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஈர மரத்தில் அடித்த ஆணியின் முனை உள்ளே இருந்த இடத்திலேயே நிற்கும். மரம் காய்ந்து சுருங்கும்போது மேற்பரப்பு கீழிறங்கும். தலை வெளியே தெரியும். 50 மி.மீ. பச்சை மரம் காய்ந்து நிலைகொள்ளும்போது நாருக்குக் குறுக்காக 2 மி.மீ. வரை சுருங்கும். ஆணி வெளியே வரவில்லை, மரம்தான் பின்வாங்கியது. ஆகவே நீளமான ஆணி போட்டால் தலை தெரிவது குறையாது, கூடவே செய்யும். காய்ந்த மரம் வாங்குவதே தீர்வு. அதைவிடக் கவலை தருவது பிடி: பச்சை மரத்தில் அடித்துக் காய்ந்த பிறகு, உருவும் பலத்தில் கால் பங்கை மட்டுமே அமெரிக்க விதிகள் கணக்கில் எடுக்கின்றன. மாய்ஸ்சர் மீட்டர் வைத்திருக்கும் கடையில் 15 சதவீதத்துக்குள் காட்டும் சட்டத்தைக் கேளுங்கள். மீட்டர் இல்லையென்றால், வாங்கிவந்த சட்டத்தை நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி மூன்று நான்கு வாரம் விடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடல் காற்றில் உப்பு இருக்கிறது. சாதாரணக் கறுப்பு ஆணி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். துரு முதலில் கொஞ்சம் பிடியைக் கூட்டும், அதை நம்பி ஏமாற வேண்டாம். பின்னால் தண்டு மெலியும், துருவோடு சேர்ந்த ஈர மரம் ஆணியைச் சுற்றிக் கறுத்து மிருதுவாகும், துளை தானாகவே பெரிதாகும். ஜி.ஐ. ஆணி மட்டுமே வாங்குங்கள். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த வகையானால் இன்னும் நல்லது. மேற்பரப்பு கரகரப்பாக இருக்கும், பளபளக்காது.

இப்போது அடிக்கும் கை. தலை பலகையின் மேற்பரப்போடு சமமாக நின்றதும் நிறுத்த வேண்டும். அழகுக்காக 3 மி.மீ. உள்ளே இறக்கினால் 12 மி.மீ. பலகை அந்த இடத்தில் 9 மி.மீ. ஆகிறது; மேல் வெனீர் அறுபட்டு, தலைக்கு அடியில் முழு அடுக்கு இல்லாமல் போகிறது. கடைசி இரண்டு அடிகளை மெதுவாக அடியுங்கள். சுத்தியல் முகத்தின் அரைவட்ட வடு பலகையில் பதிந்தால், அந்த அடி தேவையில்லாதது. ஏர் நெய்லர் (காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவி) வைத்திருந்தால் அழுத்தத்தை வீணான ஒரு துண்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலையில்லா ஃபினிஷிங் ஆணியை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. பலகையைப் பிடிக்க அதற்கு எதுவும் இல்லை.

அறை காற்றில் நிற்க வேண்டும். இந்தியத் தரநிலை 875, மூன்றாம் பகுதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் அழுத்தம் வரும். ஒரு முழு ஷீட்டுக்கு ஏறக்குறைய 450 கிலோ. மூலைகளிலும் கூரை ஓரங்களிலும் காற்றின் உறிஞ்சு இதற்கும் மேலே போகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரை கடந்தபோது நகரம் இதைப் பார்த்திருக்கிறது.

சுவருக்கு ஓரங்கள் முழுதும் 150 மி.மீ.க்கு ஓர் ஆணி, நடுச் சட்டத்தில் 300 மி.மீ.க்கு ஒன்று. 8க்கு 4 ஷீட்டுக்குச் சுற்றளவு 24 அடி, 48 ஆணி, நடுவில் 7. மொத்தம் 55. இரண்டரை அங்குல, 10 கேஜ் ஆணி சுமார் 4 கிராம், ஆகவே ஷீட்டுக்குக் கால் கிலோ. இப்படி அடித்த ஒரு ஷீட், சட்டம் சாய்வதைத் தடுக்கும்போது காற்றின் பக்கத்தள்ளலில் 500 கிலோவுக்கு மேல் எதிர்கொள்ளும். அடிக்கு ஒன்று என்றால் அதில் சரிபாதி. நடுவில் ஆணி சேர்ப்பது இந்த வலுவைக் கூட்டாது. ஓரங்களில் தான் வேலை நடக்கிறது. இந்தத் தள்ளலைத் தாங்கக் கீழ்ச்சட்டம் தளத்தோடு கெமிக்கல் ஆங்கர் அல்லது போல்ட்டால் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பலகை நிற்கும், அறையே நகரும்.

கூரைக்கு வழவழப்பான ஆணியை எடுக்காதீர்கள். அங்கே பாரம் பலகையை மேலே தூக்கும், ஆணி உருவும் திசையில் வேலை செய்யும். அதுதான் ஆணியின் பலவீனமான திசை. நிலையான தூக்கு பாரத்தை வழவழப்பான ஆணிமேல் வைக்கவே யூரோகோடு அனுமதிப்பதில்லை. கூரைப் பலகைக்கு வாஷர் போட்ட ஜி.ஐ. ஸ்க்ரூ, அல்லது ரிங் ஆணி. ஓரங்களில் 100 மி.மீ. இடைவெளி. கூரைச் சட்டமும் நிலைக்காலும் சேரும் இடத்தில் உலோகப் பட்டை.

பழைய தடுப்பைக் காப்பாற்ற நினைத்தால், எட்டிப் பார்க்கும் ஆணிகளை அதே துளைக்குள் அடிக்காதீர்கள். துளை தன் பிடியை ஏற்கெனவே இழந்துவிட்டது. ஆணியைப் பிடுங்கி, துளையை மரத்தூளும் நீர்புகாப் பசையும் கொண்டு அடைத்துவிட்டு, 25 மி.மீ. தள்ளி முன்துளை போட்டு, 50 மி.மீ. ஜி.ஐ. ஸ்க்ரூ முறுக்குங்கள். அடுக்குகள் பிரிந்து ஊதிய ஓரத்தை ஸ்க்ரூ காப்பாற்றாது. அங்கே குறைந்தது 100 மி.மீ. உள்ளே வரை வெட்டியெடுத்து, உள்ளே இன்னொரு சட்டம் சேர்த்து, புதுத் துண்டு போட வேண்டும்.